ஆறுமணிக்குருவிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

கிண்ணியா,
டிசம்பர் 2, சனிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் றுமானாவும் நல்ல சுகம். கத்தாரில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன். கடிதத்தைக் கண்டதும் யாருக்கு என்ன ஆச்சோ என்று நெஞ்சைப் பிடிக்க வேண்டாம். யாருக்கும் ஒன்றுமில்லை. கிணறு நிரம்பியிருக்கிறது, கூரை ஒழுகவில்லை, உங்கள் மகள் வழக்கம் போல என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

வாரத்தில் மூன்று தரம் போனில் கதைக்கிற மனிசனுக்கு என்னத்துக்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால் நீங்கள் உடனே வேறென்ன புதினம் என்று கேட்டுவிடுவீர்கள். நானும் வேறு புதினத்தைச் சொல்லி முடித்துவிடுவேன். குரல் பதிவு அனுப்பலாம் என்றால், உங்கள் அறையில் இருக்கும் மற்ற ஐந்து பேரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். கடிதத்தை நடுவில் மறித்து வேறு கதைக்கு மாற்ற உங்களுக்கு ஏலாது. உங்கள் கம்பெனியிலேயே வேலை செய்யும் அடுத்த வீட்டு சஜீத், லீவு முடிந்து வருகிற வியாழக்கிழமை புறப்படுகிறான். அவனிடம் கருவாடும் தொதலும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். தொதலை எல்லோருக்கும் பிரித்துக் கொடுங்கள். கடிதத்தை மட்டும் தனியே படியுங்கள். வெள்ளிக்கிழமை பின்நேரங்களில் பறவை பார்க்கக் கடற்கரைக்குப் போவீர்களாமே, அங்கே கொண்டுபோங்கள்.

முதலில் பெரிய பொய்யைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய பின்வளவுப் பற்றைக்காட்டை இன்னும் வெட்டவில்லை. றுமானாவின் வீட்டுக்கு அத்திவாரம் தோண்டவில்லை. ஒரு கல்கூட இறங்கவில்லை. ஒக்டோபரில் நான் அனுப்பிய படம் பரீனா ராத்தா தன் மகளுக்குக் கட்டும் வீட்டின் அத்திவாரக் கிடங்கு. என் கூடப்பிறந்தவளின் வளவில் நின்று படம் எடுத்து, இது நம்முடையது என்று உங்களுக்கு அனுப்பினேன்.

எழுதிவிட்டேன். பேனையை வைத்துவிட்டுப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். இதைப் படித்து நீங்கள் திடுக்கிடுவீர்களா மாட்டீர்களா என்பது பற்றி எனக்கொரு சந்தேகம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஏன் இப்படிச் செய்தேன் என்று சொல்வதற்கு நம் கலியாணத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். நீங்களும் இருபத்தைந்து வருடத்துக்கு முன் குச்சவெளியிலிருந்து ஒரு சூட்கேசோடு அப்படித்தான் வந்து இறங்கினீர்கள். மறுநாள் விடியப் பார்த்தால் மாப்பிள்ளையைக் காணவில்லை. அந்த யுத்த காலத்தில் ஒரு ஆம்பிளையைக் காணவில்லை என்றால் எங்கள் மனம் எங்கெல்லாம் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாப்பா துறையடி வரைக்கும் ஆள் அனுப்பினார். உம்மா குசினிக்குள் அடுப்படியில் நின்று அழத் தொடங்கிவிட்டார். நீங்களோ பின்வளவுப் பற்றைக்குள், காரைமுள் கிழித்த புதுச் சாரத்தோடு குந்திக்கொண்டிருந்தீர்கள். வாப்பா வந்து எட்டிப் பார்க்க, மெதுவாக, “மாமா, இஞ்ச ஆறுமணிக்குருவி நிக்குது” என்றீர்களாம். சிரிப்பதா அடிப்பதா என்று வாப்பாவுக்குத் தெரியவில்லை. வீட்டையும் காணியையும் என் பெயரில் உறுதி எழுதித் தந்த மனிசன் அன்றைக்கு உங்களிடம், “உறுதி அவள்ர பேரில கிடக்கட்டும் தம்பி, பத்தை உங்கட” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பற்றையில் யாரும் கத்தி வைத்ததில்லை.

பஸ் ஓட்டின காலத்திலும் நீங்கள் திருந்தவில்லை. குச்சவெளி பஸ்ஸை எஞ்சின் சூடாகிவிட்டது என்று களப்போரம் நிறுத்திவிட்டு, அறுபது பேரை உள்ளே வைத்துக்கொண்டு பூநாரை எண்ணியவர் நீங்கள். கடைத்தெருவில் எனக்குக் குருவி டிரைவரின் பொஞ்சாதி என்றே பெயர்.

அந்தக் குருவி டிரைவர்தான் செப்டெம்பரில் போன் எடுத்து, “மழைக்கு முதல் பத்தைய வெட்டிப்போட்டு அத்திவாரத்தப் போடச் சொல்லு. குருவிக்குப் போக வேற இடம் கிடக்கு, புள்ளைக்கு இல்ல” என்று சொன்னார். ஒரே மூச்சில் சொன்னீர்கள். பாடமாக்கி வைத்துச் சொன்னது எனக்கு விளங்கியது. மகளுக்கு வீடு கட்ட வேண்டும் என்று நாற்பத்தேழு வயதில் பாலைவனத்துக்கு பஸ் ஓட்டப் போனீர்கள். அந்த வீட்டை எழுப்புவதற்கு நமக்கு இருக்கிற ஒரே இடம் அந்தப் பற்றை. இதை நீங்கள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

மேசன் குலசிங்கம் பாஸ் ஒக்டோபர் 14ஆம் திகதி சனிக்கிழமை ஆட்களோடு வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் மஃரிபுக்குச் சற்று முன்னால் குசினி யன்னல் கண்ணாடியில் என்னவோ வந்து மோதியது. பந்தாக்கும் என்று நினைத்து வெளியே போய்ப் பார்த்தால் யன்னலுக்குக் கீழே மணலில் அது கிடந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், வெந்தய நிறத்தில் நெஞ்சு, வாலுக்குக் கீழே சிவப்பு, கண்ணை மூடிக் கறுப்புப் பட்டி. வாலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு கட்டை. ஆறுமணிக்குருவியை இருபத்தைந்து வருடமாக நீங்கள் காட்டக் காட்டத் தூரத்தில் பார்த்திருக்கிறேன். கையில் எடுத்தது அன்றைக்குத்தான். மச்சான், அதில் பாரமே இல்லை. இமயமலைப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் சொல்லித் தந்தபடியே செய்தேன். தண்ணீர் பருக்கவில்லை, சோறு வைக்கவில்லை. சவுக்காரப் பெட்டியில் பழைய துணியை விரித்து, மூடி, அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். றுமானா போகவும் வரவும் பெட்டியில் காதை வைத்து, உம்மா உயிர் இருக்கு, உம்மா உயிர் இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுபஹ் தொழுதுவிட்டுப் பற்றையோரம் கொண்டுபோய்த் திறந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இரண்டு தத்துத் தத்தி விளாத்தி மரத்துக்குக் கீழே போய்ச் சருகைக் கிளறத் தொடங்கியது. புது இடத்துக்கு வந்த மாதிரித் தெரியவில்லை. போன வருடம் வைத்துவிட்டுப் போன சாமானைத் தேடுகிற மாதிரி இருந்தது.

நான் வெறும் பெட்டியோடு நின்றுகொண்டிருக்கும்போதே படலை திறந்தது. குலசிங்கம் பாஸ், பின்னால் கத்தியும் கோடரியும் மண்வெட்டியுமாக இரண்டு பேர். “இண்டைக்கு வெட்டித் துப்புரவாக்கினா நாளைக்கு நூல் பிடிக்கலாம் தங்கச்சி” என்றார். எனக்கு வாயில் வந்தது, “இண்டைக்கு ஏலாது பாஸ், அவர் இன்னும் நாள் சொல்லேல்ல” என்பதுதான். அநியாயமாகப் பழியை உங்கள் மேல் போட்டேன். அவர் பெட்டியைப் பார்த்தார், பற்றையைப் பார்த்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு, மழை தொடங்கினால் இனிப் பெப்ரவரிக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பகலே நீங்கள் போன் எடுத்து வெட்டினார்களா என்று கேட்டீர்கள். நான் ஓம் என்றேன். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். குருவி வந்திருக்கிறது என்று சொன்னால், அதைக் கேட்ட பிறகும் நீங்கள் வெட்டத்தான் சொல்ல வேண்டும். அதை உங்கள் வாயால் இரண்டாம் தரம் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை. இதுதான் உண்மை.

பிறகு படம் கேட்டீர்கள், படமும் அனுப்பினேன். “மண் ஏன் சிவப்பாக் கிடக்கு?” என்று ஒரு கேள்வி கேட்டீர்கள். ராத்தா வளவில் சிவப்புக் கிறவல் மண் கொட்டியிருப்பதை நான் கவனிக்கவில்லை. வெயிலுக்கு அப்படித் தெரிகிறது என்றேன். நம் வளவு வெள்ளை மணலில் இருபத்தைந்து வருடம் குந்தியிருந்த மனிசனிடம் அப்படிச் சொன்னேன். அந்தக் கிடங்கில் இப்போது முழங்கால் அளவு மழைத்தண்ணீர். காலையும் பின்நேரமும் ஒரு மடையான் கொக்கு வந்து வரம்பில் நிற்கிறது. ராத்தா அதை விரட்டிக் களைத்துவிட்டார்.

டிசம்பர் 4, திங்கட்கிழமை.

நேற்று முழுக்க மழை. கரண்ட் இல்லை, எழுத ஏலாமல் போய்விட்டது. றுமானா படிப்பிக்கிற பாலர் பாடசாலைக்கு இன்றைக்கும் லீவு விட்டதால் அவள் வீட்டில் நின்று அலுமாரியைத் துப்புரவாக்குகிறேன் என்று எல்லாவற்றையும் இறக்கிப் போட்டிருக்கிறாள். மேல் தட்டிலிருந்து நீங்கள் குருவிக் கணக்கு எழுதுகிற சீ.ஆர். கொப்பியும் வந்து விழுந்தது. அதில் இன்னொரு பொய் கிடக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போகும்போது பைனாகுலரையும் கொப்பியையும் என்னிடம் தந்தீர்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும், என்ன வந்தது, எந்தத் திகதி என்று மட்டும் எழுதி வை என்றீர்கள். உங்கள் சட்டத்தையும் மறுபடி ஒருக்கால் சொன்னீர்கள். ஒரு ஆள் மட்டும் கண்டால் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. இரண்டு பேர் கண்டு, இரண்டு பேரும் அதே பெயரைச் சொன்னால்தான் சரி. எத்தனை விடியல் இந்தச் சட்டத்துக்காக என்னை எழுப்பியிருப்பீர்கள்! நான் கண்ணைப் பிசைந்துகொண்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்து, “ஓம், கீச்சான்தான், இனியாவது என்னைப் படுக்க விடுங்க” என்று சொன்ன பிறகுதான் உங்கள் பேனை சரி போடும். அந்தக் கொப்பியில் இருக்கிற அத்தனை சரியிலும் பாதி என்னுடையது.

நீங்கள் போன முதல் வருடம் எனக்கு அந்தக் கொப்பியைக் கண்டால் கோபம் வந்தது. என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனவர் குருவிக்கு என்னைக் காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அதனால் அந்த வருடம் ஒரு நாளும் பற்றைப் பக்கம் போகவில்லை. அதற்கு முந்தின வருடத்துப் பக்கத்தைத் திறந்து வைத்து அப்படியே பார்த்து எழுதினேன். தகைவிலான் செப்டெம்பர் 9, கீச்சான் செப்டெம்பர் 21, ஆறுமணிக்குருவி ஒக்டோபர் 11. சரி அடையாளத்தையும் விடாமல் போட்டேன். இரண்டாவது ஆள் யார் என்று நீங்களும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியபோது நீங்கள் பட்ட சந்தோசம்! பறவை பார்க்கும் கூட்டாளிமாருக்கெல்லாம் அனுப்பி, “பாருங்க, அதே நாள். அல்லாஹ்ட நேரசூசியில ஒரு நாள் பிந்தாது” என்று சொன்னீர்கள். நான் போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். வெட்கமாக இருந்தது. அந்தக் கூட்டாளிமாரிடம் நீங்கள்தான் இதைத் திருத்திச் சொல்ல வேண்டும், எனக்காக. மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வருடம் அப்படி இல்லை. பெட்டியைத் திறந்த அந்தச் சனிக்கிழமையிலிருந்து நான் ஒவ்வொரு நாளும் போகிறேன். நீங்கள் குந்துகிற அதே இடத்தில் கதிரை போட்டுக் குந்துகிறேன். முழங்கால் நோகிறது, உங்களைப் போலத் தரையில் குந்த எனக்கு ஏலாது. முதல் வாரம் இலையும் நுளம்பும்தான் கண்டேன். பிறகு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. கீச்சான் நாயுண்ணிப் பற்றையின் உச்சியிலிருந்து விடிய விடிய ஏசுகிறது, அதன் காணிக்குள் நான் வந்து குந்தியிருக்கிறேனாம். ஒரு வாலாட்டி வந்திருக்கிறது, மற்றவை போல வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் ஆட்டுகிறது. உங்கள் புத்தகத்தைப் புரட்டிக் கொடிக்கால் வாலாட்டி என்று நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும் சொல்ல ஆளில்லாமல் கிணற்றடியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். இந்தக் கிறுக்குத்தான் உங்களுக்கு இத்தனை வருடமாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

நவம்பர் 8ஆம் திகதி அரசவால் வந்தது. வெள்ளை வாலை இழுத்துக்கொண்டு ஈச்சைக்கும் வேம்புக்கும் நடுவில் பறந்தது. றுமானா குசினி வாசலில் நின்று, உம்மா ரிப்பன் பறக்கிறது என்று கத்தினாள். அவளை இரண்டாவது ஆளாக வைத்துச் சரி போடலாமா என்று யோசித்தேன். பெயரைக் கேட்டால் எல்லாம் குருவிதானே என்கிறாள். உங்கள் சட்டத்துக்கு அது போதாது. உப்பாற்றுப் பக்கம் ஒரு நாள் ஓட்டோவில் போகும்போது களப்பு நிறைய உள்ளான்கள். பத்துப் பத்தாக எண்ணு என்பீர்களே, முப்பதுக்கு வருவதற்குள் எல்லாம் எழும்பிவிட்டன. நிறைய என்று எழுதியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

போன வருடத்துப் பொய்க்கெல்லாம் சரி போட்டிருக்கிறது, இந்த வருடத்து உண்மைக்கெல்லாம் கேள்விக்குறி கிடக்கிறது. பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது.

டிசம்பர் 6, புதன்கிழமை.

நாளைக்கு சஜீத் புறப்படுகிறான், இன்றைக்கு முடித்துவிட வேண்டும்.

சந்தேகம் என்று முதலில் எழுதினேன் அல்லவா, அது இதுதான். நவம்பர் நடுவில் ஒரு நாள் பின்நேரம் கிணற்றடியில் நின்று, சமையல் கேஸ் முடிந்ததையும் கடைக்காரன் ஏசியதையும் உங்களுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் அது தன் பெயருக்கேற்றபடி ஆறு மணிக்கு இரண்டு தரம் விசிலடித்தது. அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பற்றையை வெட்டியாச்சு என்று சொன்ன வளவில் ஆறுமணிக்குருவி கூப்பிடுகிறது. இன்றைக்குப் பிடிபட்டேன் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உங்களிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. “சத்தம் விளங்கேல்ல, இன்னொருக்கா அனுப்பு.” மறுநாள் பகல் அதே கதையை இன்னொரு தரம் சொல்லி அனுப்பினேன். “பகல் வேணாம், ஆறு மணிக்கு அனுப்பு” என்றீர்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்நேரமும் ஆறு மணிக்கு நான் கிணற்றடியில் நின்று உப்பு முடிந்தது, புளி முடிந்தது என்று எதையாவது சொல்லி அனுப்புகிறேன். நீங்கள் கேட்பது என்னுடைய புளிக் கதையை இல்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. பற்றை இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ஏசவில்லை மச்சான். ஏசாததுதான் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதத் தைரியம் தந்தது.

நீங்களும் ஒன்றை மறைத்திருக்கிறீர்கள். உங்கள் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறதாம், இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட முப்பத்தோராம் திகதிதான் கடைசி நாளாம். இதை சஜீத்தின் வாயால் கேட்க வேண்டியிருந்தது. உங்களுக்குப் பிரஷர் கூடியதும், கம்பெனி டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதும் அவன் சொல்லித்தான் தெரியும். கருவாட்டைக் கட்டின பிறகு சொன்னான், அதனால் பாதியை எடுத்துவிட்டேன். நான் அனுப்பிய அத்திவாரப் படத்தை அறையில் எல்லோருக்கும் காட்டி, மகளுக்கு வீடு எழும்புகிறது என்று தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு, நீங்கள் மட்டும் குடிக்காமல் வெளியே போய் நின்றீர்களாம். அதைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை.

அதனால் உங்களைக் கேட்காமல் ஒரு வேலை செய்தேன். கோபம் வந்தால் வரட்டும், முழுக்கப் படித்துவிட்டுக் கோபியுங்கள்.

வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது என்றால் புது வீடுதான் கொடுக்க வேண்டும் என்று எங்கே இருக்கிறது? எத்தனை உம்மா வாப்பா இருந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு வளவிலேயே சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். நாமும் இந்த வீட்டை றுமானாவுக்கு எழுதிக் கொடுத்துவிடுவோம். கிணற்றடியில் பழைய விறகுக் கொட்டில் இருக்கிற இடத்தில் நமக்கு இரண்டு அறை போதும். குலசிங்கம் பாஸ் வந்து அளந்தும் பார்த்துவிட்டார். பற்றையில் ஒரு கொப்பும் முறிக்கத் தேவையில்லை. நீங்கள் இதுவரை அனுப்பியதே அதற்கும் கலியாணத்துக்கும் காணும். பற்றைப் பக்கம் ஒரு யன்னல் வைக்கச் சொன்னேன், கண்ணாடி போட வேண்டாம், கம்பியும் பலகையும் போதும் என்றேன். பாஸ் சிரித்துவிட்டு, “அண்டைக்குப் பெட்டிக்குள்ள என்ன இருந்ததெண்டு இப்ப விளங்குது தங்கச்சி” என்றார்.

றுமானாவிடம் கேட்டேன். அவளுக்கும் புது வீட்டு ஆசை இருந்ததுதான், பொய் சொல்லக் கூடாது. “எனக்கு வீடு வேணும் உம்மா, அதுக்காக வாப்பா வேணாம் எண்டு நான் எப்ப சொன்னன்?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டாள். அன்று பின்நேரம்தான் முதல் தரமாகப் பற்றையடிக்கு வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

போன புதன்கிழமை பரீனா ராத்தாவைக் கூட்டிக்கொண்டு மூதூருக்குப் போய், றுமானாவுக்குப் பேசி வைத்திருக்கிற மாப்பிள்ளையின் உம்மா ரபீக்காவிடம் கதைத்தேன். புது வீடு என்றுதானே கதை முடிந்தது என்று அவர் முகம் கொஞ்சம் மாறியது. இந்தச் சம்பந்தம் என்னால் குழம்பினால் அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பது? உள்ளே இருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. “வீடு பழசெண்டாப் பரவாயில்ல உம்மா, கிணத்துத் தண்ணி நல்லதா எண்டு கேளுங்க.” ராத்தா சிரித்துவிட்டார், ரபீக்காவும் சிரித்துவிட்டார். கடைசியில் ரபீக்கா சொன்னது இதுதான். வீடு பெண்ணின் உம்மாவின் பேரில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் வாப்பா உயிரோடு இருக்கும்போது உம்மாவின் வாயால் மட்டும் இந்தக் கதை முடியக் கூடாது. “றிஸ்வி நானாட வாயால ஒரு சொல் வரட்டும், எங்களுக்குச் சம்மதம்” என்றார்.

ஆகவே எல்லாம் இப்போது உங்களுடைய ஒரு சொல்லில் நிற்கிறது. நீங்கள் வேண்டாம் என்றால் பெப்ரவரியில் நானே நின்று பற்றையை வெட்டுவிப்பேன். புது வீடும் எழும்பும். நீங்கள் இன்னும் இரண்டு வருடம் அங்கே இருப்பீர்கள். இனிப் பொய் சொல்லமாட்டேன், படமும் நம் வளவில்தான் எடுப்பேன்.

கத்தாருக்குப் போயும் மகளுக்கு ஒரு புது வீடு கட்ட ஏலாமல் திரும்பி வந்தார் என்று நாலு பேர் சொல்வார்கள். அதில் முதல் ஆள் பரீனா ராத்தாவாகத்தான் இருக்கும். சொல்லட்டும். பற்றைக்குள் குந்தியிருந்த மாப்பிள்ளை என்று சொல்லிச் சிரித்ததையே இருபத்தைந்து வருடம் தாங்கியவர்கள் நாம்.

இன்னொன்று. இன்றையோடு ஆறு மணிக்குக் குரல் அனுப்புவதை நிறுத்தப் போகிறேன். கோபத்தில் இல்லை. போனில் அது கேட்கும் வரைக்கும் நீங்கள் அங்கேயே இருந்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கொப்பியை சஜீத்திடம் கொடுத்தனுப்பவில்லை. அது அலுமாரியின் மேல் தட்டில், பைனாகுலருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒக்டோபர் 13, ஆறுமணிக்குருவி, கேள்விக்குறி. ஒரு ஆள்தான் கண்டது, அந்த ஆளும் நிறையப் பொய் சொன்ன ஆள். ஏப்ரல் தொடங்கும் வரைக்கும் அது இங்கேதான் நிற்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் வந்தால் இந்தப் பக்கத்தைத் திருத்தக் குருவி இருக்காது. விடியச் சாமத்தில் தேத்தண்ணி வைத்து எழுப்புவது இந்தத் தரம் நான், கண்ணைப் பிசைந்துகொண்டு வருவது நீங்கள். பார்த்துவிட்டு ஓம் என்று சொன்னால் போதும். சரியை நான் போட்டுக்கொள்கிறேன்.

மலையும் காடும் கடலும் தாண்டி ஒரு பிடி உயிரைப் பத்திரமாகக் கொண்டுவந்து நம் வளவில் இறக்கின அல்லாஹ், உங்களையும் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
பஹ்மியா.